பிரிண்ட் எக்ஸ்சேஞ்சில் முதன்முறை சேருகிறவர்களுக்கு

லினோ (அச்சுக்காகச் செதுக்கும் லினோலியத் தகடு) செதுக்கத் தெரியும், வீட்டில் நாலைந்து பிரிண்ட் போட்டுப் பார்த்தாயிற்று, அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறவர்களிடம் ஒரு பிரிண்ட் எக்ஸ்சேஞ்சில் பேர் கொடுக்கச் சொல்வேன். கண்காட்சிக்கு அனுப்பினால் தேர்வுக்குழு எடுக்கும், இல்லையென்றால் எடுக்காது. அதோடு சரி. எக்ஸ்சேஞ்ச் வேறு மாதிரி. இருபது பேர் சேர்ந்தால், ஒவ்வொருவரும் தன் படத்தை இருபது பிரதி அச்சிட்டு ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புவார்கள். அவர் அவற்றைப் பிரித்து அடுக்கி, இருபது பேருடைய படங்களும் ஒவ்வொன்று இருக்கும் தொகுப்பை எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். பங்கேற்புக் கட்டணம், தபால் செலவு தவிரக் காசு எதுவும் கைமாறாது.

இது பிரிண்டில் மட்டும் சாத்தியமாவதற்குக் காரணம், இருபது பிரதியும் அசல் என்பதுதான். ஒன்றைப் பார்த்து இன்னொன்று நகலெடுக்கப்படவில்லை. போதாததற்கு, பிரிண்ட் பட்டறை என்றாலே பலர் கூடி வேலை செய்யும் இடம். சித்தூர்ப் பக்கம் பிறந்து, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்து, பிறகு பாரிஸ் போன கிருஷ்ணா ரெட்டி, அங்கே ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் நடத்திய 'அட்லியே 17' பட்டறையில் சேர்ந்தார். ஒரே தகட்டில் பல நிற மைகளை, அவற்றின் பிசுபிசுப்பு வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒரே அழுத்தில் அச்சிடும் முறை அங்கேதான் உருவானது. அது தனியொருவர் கண்டுபிடிப்பு இல்லை; ஒரே பிரஸ்ஸைச் சுற்றி நின்றவர்கள் சேர்ந்து கண்டது. அமெரிக்காவில் அச்சுக் கலைஞர்களின் எஸ்ஜிசி இன்டர்நேஷனல் அமைப்பின் ஆண்டு மாநாட்டில் ஒவ்வொரு முறையும் ஏதாவது பொருளை வைத்து எக்ஸ்சேஞ்ச் தொகுப்புகள் வருகின்றன. நாம் பத்து நண்பர்களோடு செய்வதும் அதே விளையாட்டுத்தான், அளவுதான் சிறியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சுக்கு உங்கள் வாழ்நாள் படைப்பு தேவையில்லை. எளிய படமாக இருக்கட்டும். இருபது பிரதியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், சொன்ன அளவில் இருக்க வேண்டும், சொன்ன தேதிக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று நிறத்தில் பிரமாதமான படத்தை இரண்டு மாதம் தாமதமாக அனுப்புகிறவரைவிட, ஒரே கறுப்பில் சுத்தமாக அச்சிட்டு நேரத்துக்கு அனுப்புகிறவரைத்தான் ஒருங்கிணைப்பாளர் அடுத்த முறையும் கூப்பிடுவார். கீழே சொல்லும் எல்லாமே இதற்காகத்தான்.

1. விதிமுறையை இரண்டு தடவை படியுங்கள்

அதில் தேட வேண்டியவை சில உண்டு. கொடுத்திருக்கும் அளவு தாளின் அளவா, படத்தின் அளவா? எல்லாத் தாளும் ஒரே பெட்டிக்குள் போக வேண்டும் என்பதால், பெரும்பாலும் தாளின் அளவுதான் கறாராக இருக்கும். படம் அதற்குள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அரை சென்டிமீட்டர் கூடினாலும் பெட்டி மூடாது. எந்த முறைகளை ஏற்கிறார்கள்? லினோ, மரக்கட்டை, எட்சிங், லித்தோ, சில்க் ஸ்கிரீன் எல்லாம் பொதுவாகச் செல்லும். கணினியில் வரைந்து இங்க்ஜெட்டில் எடுத்ததைப் பலர் ஏற்பதில்லை. சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள். தேதி என்பது தபாலில் போட வேண்டிய நாளா, போய்ச் சேர வேண்டிய நாளா என்பதையும் கேளுங்கள்.

பிரதி எண்ணிக்கையைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். 20 பேர் என்றால் 20 பிரதி, கண்காட்சிக்கு 1, ஏதாவது கல்லூரிக்கோ நூலகத்துக்கோ கொடுக்க 1, ஆக 22 கேட்பது நியாயம். 20 பேருக்கு 30 பிரதி கேட்டால், மீதி 8 எங்கே போகிறது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். விற்று அடுத்த நிகழ்ச்சிக்கு நிதி திரட்டுகிறார்கள் என்றால் தப்பில்லை, ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பேர் கொடுத்த பிறகு முடியாமல் போனால் உடனே சொல்லிவிடுங்கள். நீங்கள் விலகினால் மற்ற பத்தொன்பது பேரின் எண்ணிக்கையும் மாறுகிறது. 'எப்படியாவது முடித்துவிடலாம்' என்று கடைசி வாரம் வரை மௌனமாக இருப்பதுதான் இந்த வட்டாரத்தில் மன்னிக்கப்படாத குற்றம்.

2. தாள் கணக்கு

அச்சுத் தாளின் முழு ஷீட் வழக்கமாக 56 × 76 செ.மீ., அதாவது 22 × 30 அங்குலம். அதிலிருந்து 28 × 19 செ.மீ. தாள் கிழித்தால் மிச்சமே இல்லாமல் 8 கிடைக்கும். 28 × 38 என்றால் 4. பல எக்ஸ்சேஞ்சுகளில் 11 × 7.5 அங்குலம் என்று விநோதமான அளவு கேட்பதன் ரகசியம் இதுதான். 8 × 10 அங்குலம் என்று கேட்டால் ஒரு ஷீட்டில் 6 தான் வரும், மீதி கழிவு. நீங்களே எக்ஸ்சேஞ்ச் நடத்துவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள். எல்லோருக்கும் காசு மிச்சம்.

22 பிரதி வேண்டுமென்றால் 28 தாளாவது தயாராக இருக்கட்டும். விரல் ரேகை, மை குறைவு, கோணல், மேலே விழுந்த பூனை முடி என்று ஆறு கெட்டுப்போவது சாதாரணம். 28 × 19 அளவில் நான்கு ஷீட் வாங்கினால் 32 தாள் கிடைக்கிறது, போதும்.

கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, தாளை மெதுவாக மேல்நோக்கி இழுத்துக் கிழித்தால் ஓரம் மென்மையாக வரும். எல்லாத் தாளையும் முதலிலேயே கிழித்து அடுக்கிவிடுங்கள். மை பட்ட கையோடு வந்து தாள் கிழிப்பது வேண்டாம்.

எந்தத் தாள்? அமிலமில்லாத, பருத்தியில் செய்த தாள் என்றால் வருடங்கள் போனாலும் பழுப்பேறாது. சோமர்செட், ரிவ்ஸ் பிஎஃப்கே போன்ற வெளிநாட்டுத் தாள்கள் அருமையானவை, விலையும் அப்படித்தான். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாளும், ஜெய்ப்பூர் அருகே சங்கானேரில் செய்யும் பருத்தித் தாளும் நம் ஊரில் கிடைப்பவை. கைத்தாளில் சொரசொரப்பு அதிகமாக இருந்தால் லினோவின் பெரிய கறுப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் விழும். வழவழப்பான ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பிரஸ் இல்லாமல் கையாலேயே தேய்த்து எடுப்பவர்கள் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கனத்தாளோடு போராடக் கூடாது. நேபாள லோக்தா, ஜப்பானிய கோசோ மாதிரி மெல்லிய, ஆனால் கிழியாத தாள்கள் இருக்கின்றன. 40 முதல் 80 ஜிஎஸ்எம் வரையிலான தாளில் மரக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே கறுப்பு முழுமையாக ஏறும், தாளின் பின்புறத்திலேயே அது தெரியும். பிரஸ் வேண்டும் என்றால் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தில் கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது, போய் விசாரியுங்கள். தேவகோட்டைக்காரரான ஆர்.எம். பழனியப்பன், பிரிண்டில் பெரிய பெயர், அந்த மையத்தின் செயலராக இருந்தவர். சும்மா போய் நின்று மற்றவர்கள் மை தேய்ப்பதைப் பார்த்தாலே பாதி பாடம்.

3. பிளாக்

முதல் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே நிறம், ஒரே பிளாக் (செதுக்கிய லினோ). ரிடக்‌ஷன் முறை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும்: ஒரே லினோவை முதல் நிறத்துக்குச் செதுக்கி எல்லாப் பிரதியையும் அச்சிட்டு, அதே லினோவை மேலும் செதுக்கி அடுத்த நிறம், அப்புறம் அதற்கடுத்தது. பிக்காசோ 1950-களின் கடைசியில் பிரான்சின் வல்லோரிஸில் இந்த முறையில் நிறைய செய்தார். ஆனால் ஒவ்வொரு நிறத்திலும் சில பிரதி கெடும், பிளாக் திரும்ப வராது. நாலாவது நிறத்தில் எண்ணிப் பார்த்தால் கையில் 17 பிரதி இருக்கும், தேவை 22. பின்னாளில் செய்யும்போது 35 தாளோடு தொடங்குங்கள்.

படம் இடம்வலம் மாறி விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுத்து வந்தவுடன் எல்லோரும் மறப்பார்கள். டிரேசிங் தாளில் வரைந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு லினோவில் மாற்றினால் தொல்லையில்லை. தமிழ் எழுத்து செதுக்குவது ரோமன் எழுத்தைவிடக் கடினம், ஏனென்றால் எல்லாமே வளைவு. 'ழு', 'ணை' போன்றவற்றின் உள்வளைவில் உளி வழுக்கிவிடும். உளி பிடித்த கையை அசைக்காமல், இன்னொரு கையால் லினோவைச் சுழற்றிக் கொடுங்கள். அந்த இன்னொரு கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் அல்ல. எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கைவிட்டுவிடுங்கள்.

4. அச்சிடுதல்

ஒவ்வொரு தாளிலும் படம் ஒரே இடத்தில் விழ வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கனமான அட்டையில் தாளின் அளவுக்குக் கோடு போட்டு, இரண்டு ஓரத்தில் 'ட' வடிவத்தில் அட்டைத்துண்டு ஒட்டுங்கள். நடுவில் பிளாக் உட்காரும் இடத்தையும் அப்படியே அடையாளப்படுத்துங்கள். பிளாக்கை வைத்து, தாளின் மூலையை 'ட'வில் முட்டி இறக்கினால் ஒவ்வொரு முறையும் அதே இடம். ஜப்பானியர்கள் மரக்கட்டையிலேயே செதுக்கிக்கொள்ளும் கென்டோ அடையாளமும் இதே கணக்குத்தான்.

நீர் மை சென்னை வெயிலில் ரோலரிலேயே காய்ந்துவிடும். எண்ணெய் மைதான் தோது. கலைக்கல்லூரி ஸ்டூடியோக்களில் பல காலமாக ஆஃப்செட் மை பயன்படுத்துகிறார்கள். டப்பா பெரிது, விலை குறைவு. கொஞ்சம் தளர்வாக இருந்தால் மெக்னீசியம் கார்பனேட் தூள் கலந்து இறுக்கிக்கொள்ளலாம். கழுவுவதற்கு மண்ணெண்ணெய்தான் வழக்கம், ஆனால் மூடிய அறையில் வேண்டாம். முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு போட்டால் அதே வேலை நடக்கும்.

மை போதுமா என்பதைக் காதால் கேளுங்கள். கண்ணாடிமேல் ரோலர் ஓடும்போது மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் வந்தால் சரி. சளக் சளக் என்று ஒட்டி வந்தால் மை அதிகம். மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். முதல் மூன்று நான்கு அச்சு வெளிறித்தான் வரும், பிளாக் மையைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றைச் சாதாரணத் தாளில் எடுங்கள். 'இதுதான், இப்படியே எல்லாம் வர வேண்டும்' என்று தோன்றும் பிரதி வந்ததும் அதை எதிரே சுவரில் மாட்டிவிடுங்கள். அச்சுக்கூடங்களில் இதை பி.ஏ.டி. (பிரெஞ்சில் 'அச்சிடலாம்' என்பதன் சுருக்கம்) என்பார்கள். பிறகு எடுக்கும் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முந்தைய பிரதியோடு அல்ல. முந்தையதோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி, இருபதாவதும் முதலாவதும் உறவே இல்லாமல் நிற்கும்.

ஒரே நாளில் முடிக்கப் பாருங்கள். மறுநாள் மை வேறு, ஈரப்பதம் வேறு, உங்கள் கையும் வேறு.

காய்வதற்கு நேரம் கொடுங்கள். நல்ல வெயில் காலத்தில் நாலைந்து நாளில் காயும் கறுப்பு, ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு வாரம் கூட இழுக்கும். தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். கிளிப் பிடிக்கும் இடத்தில் சிறு காகிதத்துண்டு வையுங்கள். டிஷ்யூ தாளை மேலே வைத்து அழுத்தி எடுத்தால் கறை படியக் கூடாது. படிந்தால் இன்னும் காயவில்லை, அடுக்காதீர்கள்.

5. எண்ணும் கையெழுத்தும்

படத்துக்குக் கீழே, பென்சிலில்: இடது பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலது பக்கம் கையெழுத்தும் ஆண்டும். 7/22 என்றால் இருபத்திரண்டில் ஏழாவது. அச்சிட்ட வரிசையிலேயே எண் போட வேண்டும் என்பதில்லை. ஆனால் 22 என்று போட்டுவிட்டால் 23-ஆவது பிரதி உலகத்தில் இருக்கக் கூடாது. இந்த எண்ணிக்கைக்கு வெளியே உங்களுக்கென வைத்துக்கொள்வதை ஏ/பி (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப், கலைஞர் பிரதி) என்று குறிப்பார்கள். எடிஷனில், அதாவது எண்ணிட்ட மொத்தப் பிரதிகளில், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது மரியாதை. பிரதிக்குப் பிரதி வேண்டுமென்றே நிறத்தை மாற்றியிருந்தால் இ.வி. என்று சேர்த்து எழுதுங்கள். தவறி மாறியதற்கு அந்த எழுத்தை எழுதித் தப்பிக்கிறவர்களும் உண்டு, பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேனா வேண்டாம். பென்சில் தாளில் பதிந்து நிற்கும், வெளிறாது. தமிழில் கையெழுத்துப் போடுவதில் எந்தத் தடையும் இல்லை.

எடிஷன் முடிந்ததும் பிளாக்கின் குறுக்கே ஒரு கோடு செதுக்கிவிடுவது பழைய வழக்கம். மனசு வராவிட்டால் கோடு போடாமல் வைத்திருங்கள், ஆனால் அதே படத்தை இன்னொரு எடிஷனாகத் திரும்ப அச்சிடாதீர்கள்.

6. அனுப்புதல்

சுருட்டி டியூபில் போடாதீர்கள். வந்து சேர்ந்த பிறகு அவற்றை நிமிர்த்துவது ஒருங்கிணைப்பாளர் தலையில் விழும். ஒவ்வொரு பிரதிக்கும் இடையில் பட்டர் பேப்பர், மொத்தத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, மேலும் கீழும் தாளைவிட இரண்டு சென்டிமீட்டர் பெரிய கெட்டி அட்டை. அட்டைக்குள் தாள் நகராமல் நான்கு மூலையிலும் காகித முக்கோணம் ஒட்டினால் மூலை மடங்காது. கூடவே ஒரு தாளில் பெயர், ஊர், படத்தின் தலைப்பு, முறை, தாள், மை ஆகியவற்றை எழுதி வையுங்கள். தொகுப்பின் முன்பக்கப் பட்டியல் இதை வைத்துத்தான் தயாராகும்.

வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவத்தில் 'அசல் பிரிண்டுகள், விற்பனைக்கு அல்ல' என்று எழுதி, ஒரு சிறிய நேர்மையான மதிப்பையும் போடுங்கள். மதிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டால் பார்சல் எங்காவது நிற்கும். அசல் பிரிண்டுகளுக்கான சுங்கத் தலைப்பு எண் 9702. படிவத்தில் கேட்டால் உதவும். திரும்பி வரும்போது தொகுப்புக்கு யார் தபால் செலவு, வரி விழுந்தால் யார் கட்டுவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

7. தொகுப்பு வந்த பிறகு

பட்டியலோடு சரிபாருங்கள், பிறகு எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். யாருடைய பிரதி உங்களை நிறுத்துகிறதோ அவருக்கு நாலு வரி எழுதுங்கள்; என்ன மை, எப்படி அந்தச் சாம்பல் நிறம் வந்தது என்று கேளுங்கள். பிரிண்ட்காரர்கள் தொழில் ரகசியம் வைத்துக்கொள்கிறவர்கள் இல்லை, பக்கம் பக்கமாகப் பதில் வரும்.

கண்காட்சி வைக்கக் காலரிதான் வேண்டும் என்பதில்லை. கல்லூரித் தாழ்வாரம், ஊர் நூலகம் போதும். படத்தின் நடு, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டுங்கள். எல்லாப் படங்களும் ஒரே தாள் அளவு என்பதால் வரிசையாக மாட்டினாலே அழகாக இருக்கும். சட்டம் போடக் காசில்லை என்றால் ஆணியின் தலையில் சிறு காந்தத்தால் பிடிக்கலாம். நேர் வெயில் மட்டும் படக் கூடாது. அருங்காட்சியகங்களில் தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கொடுப்பார்கள், அது கிட்டத்தட்ட அந்தி வெளிச்சம்.

8. பெட்டிக்குப் பதில் புத்தகம்

இரண்டு எக்ஸ்சேஞ்ச் முடித்தவர்கள் புத்தகமாகச் செய்து பார்க்கலாம். ஆளுக்கொரு பக்கம் அச்சிட, ஒருவர் எல்லாவற்றையும் தைப்பார். இங்கே விதிகள் இறுகும். தைக்கும் பக்கம் மூன்று நான்கு சென்டிமீட்டர் காலி விட வேண்டும். தாளின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கம் விறைத்துக்கொண்டு திறக்காது. தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எளிதில் வளைகிற பக்கத்தின் மடிப்புத்தான் நாரின் திசை. தனித்தனித் தாள்களை ஓரத்தில் துளையிட்டுத் தைக்கும் ஜப்பானியத் தையல் புதியவர்களுக்குச் சுலபம். நீளத் தாளை விசிறி மடிப்பாக மடித்தால் தையலே வேண்டாம், கண்காட்சியில் அப்படியே நிறுத்திவைக்கலாம். கையால் அச்சிட்ட புத்தகம் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை திருவான்மியூரில் உள்ள தாரா புக்ஸுக்குப் போகலாம். சில்க் ஸ்கிரீனில் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கையால் தைத்த அவர்களுடைய புத்தகங்களில் மையின் வாசனை கூட இருக்கும்.

கூட்டுப் புத்தகக் கலை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். 2007 மார்ச் 5-ஆம் தேதி பாக்தாத்தின் புத்தகக் கடைத் தெருவான அல்-முதனப்பி தெருவில் கார் குண்டு வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம். சான் பிரான்சிஸ்கோவில் புத்தகக் கடை வைத்திருந்த கவிஞர் போ போசலே, அந்தச் செய்தியைப் பார்த்து அச்சுக் கலைஞர்களுக்கு அழைப்பு விட்டார். முதலில் 130 ஒற்றைத்தாள் அச்சுகள் வந்தன. அடுத்த அழைப்புக்கு இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகக் கலைஞர்கள் பல நாடுகளிலிருந்து கைப்புத்தகங்கள் செய்து அனுப்பினார்கள். ஒரு முழுத் தொகுப்பு ஈராக் தேசிய நூலகத்துக்கென ஒதுக்கப்பட்டது; மற்றவை ஊர் ஊராகக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. ஒருவர் மூன்று பிரதி செய்தால் போதும் என்பதுதான் அங்கே கணக்கு. அதனால்தான் அத்தனை பேர் சேர முடிந்தது. நீங்கள் ஏதாவது ஒரு காரணத்துக்காக ஆட்களைத் திரட்ட நினைத்தால், எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள்.

புத்தகக் கண்காட்சியில் ஒரு சிக்கல் எப்போதும் வரும்: கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் ஒரு பக்கம்தான் தெரியும், வெளியே வைத்தால் அழுக்காகும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் 'புரட்டுவதற்கு' என்று ஒதுக்கி, மேசையில் வையுங்கள். வெள்ளைக் கையுறை தேவையில்லை. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் தடிமன் தெரியாது, பக்கம் கிழிவது அப்போதுதான். பக்கத்தில் ஒரு துண்டு வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு புரட்டச் சொல்லுங்கள். காப்பி கொடுக்கும் மேசையை எதிர்க்கோடியில் போடுங்கள்.